அந்த வரைபடத்தை மனனம் செய்தால் மட்டும் போதுமா?

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எந்த மாணவியிடமும் கேட்டுப் பாருங்கள். மாதவிடாய் வட்டத்தின் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து காட்டுவார். கீழே 28 நாட்கள். மேலே நான்கு வளைகோடுகள். நடுப்பகுதியில் எல்.எச். கோடு மட்டும் மலையுச்சி போல எழுந்து உடனே விழும். நானும் வரைவேன். சென்ற தவணைப் பரீட்சையில் அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.

அதே வாரத்தில் ஓர் இரவு என் தங்கச்சி என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. பெரிய பிள்ளையாகி இன்னும் ஒரு வருடம் நிறையவில்லை. விளக்கை அணைத்த பிறகு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு மெல்லக் கேட்டாள்.

"ராத்தா, எனக்கு ஒன்றரை மாசமா வரல்ல. எனக்கு ஏதும் பெரிய வருத்தமா?"

"பயப்படாத, வரும்" என்றேன்.

"ஏன் வரல்ல?"

என்னிடம் பதில் இல்லை. முழுப் புள்ளி எடுத்தவளிடம் பதில் இல்லை! பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள் என்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் படத்தில் இருந்த பெண்ணைப் பற்றியது. என் பக்கத்தில் படுத்திருந்த பிள்ளையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அன்றிரவுதான் இந்தக் கட்டுரை என் மனதில் தொடங்கியது.

நான் சொல்ல வருவது இதுதான். அந்த வரைபடம் பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல. அது நம் ஒவ்வொருவருடைய உடம்பிலும் நடப்பது. அதை விளங்கிக்கொள்வதும், வீட்டில் விளக்கிச் சொல்வதும் வெட்கக்கேடல்ல. நம் பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய கடமை அது.

முதலில் அந்தப் படம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பாடம் படிக்காத பெற்றோரும் வாசிப்பார்கள் என்பதால் எளிமையாகவே சொல்கிறேன்.

மூளையின் அடியில் ஒரு பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருப்பது கபச்சுரப்பி. அதற்கு மேலே இருப்பது பரிவகக்கீழ். பரிவகக்கீழ் ஜி.என்.ஆர்.எச். என்ற ஓமோனைச் சுரந்து கபச்சுரப்பிக்கு அனுப்புகிறது. உடனே கபச்சுரப்பி எப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஓமோன்களை இரத்தத்தில் விடுகிறது. இவை சூலகத்துக்குப் போய் அங்குள்ள புடைப்புகளை வளர்க்கின்றன. வளரும் புடைப்புகள் ஈஸ்திரஜனைச் சுரக்கின்றன. இதுவரைக்கும் கட்டளை மேலிருந்து கீழே போகிறது.

அதன் பின்னர் கீழிருந்து மேலே பதில் போகிறது. ஈஸ்திரஜன் இரத்தத்தோடு மூளைக்குத் திரும்பிப் போய், "நாங்கள் வளர்ந்துகொண்டிருக்கிறோம், இனித் தூண்டியது போதும்" என்று அறிவிக்கிறது. கபச்சுரப்பி தன் கையைச் சுருக்கிக்கொள்கிறது. எப்.எஸ்.எச். குறைகிறது. வளரத் தொடங்கிய பல புடைப்புகளில் பெரும்பாலும் ஒன்று மட்டும் தாக்குப்பிடித்து முன்னேறுகிறது. வீட்டுத் தண்ணீர்த் தாங்கி நிறைந்ததும் மிதவை எழுந்து குழாயை அடைத்துவிடுவது போன்றது இது. இதைத்தான் மறைப் பின்னூட்டல் என்று படிக்கிறோம்.

ஆனால் அந்த ஒற்றைப் புடைப்பு பெரிதாகப் பெரிதாக ஈஸ்திரஜன் ஏறிக்கொண்டே போகிறது. ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 200 பிக்கோகிராம் என்ற அளவுக்கு வந்து, அப்படியே இரண்டு நாளளவு நின்றுவிட்டால், இதுவரை அடக்கிக்கொண்டிருந்த அதே ஓமோன் இப்போது தூண்டத் தொடங்குகிறது. பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய அளவை நம் உடம்பு எண்ணிப் பார்க்கிறது! பரிவகக்கீழ் ஜி.என்.ஆர்.எச்.ஐக் கூட்டுகிறது. கபச்சுரப்பியும் அதற்கு முன்னரைவிட அதிகமாகச் செவிசாய்க்கிறது. எல்.எச். திடீரென்று பொங்கி எழுகிறது. அந்த எழுச்சி தொடங்கி ஏறத்தாழ 36 மணித்தியாலங்களில் புடைப்பு வெடித்து முட்டை வெளிவருகிறது. இது நேர்ப் பின்னூட்டல்.

ஒரே ஓமோன் எப்படி அடக்கவும் தூண்டவும் முடியும் என்று நான் நீண்ட நாள் குழம்பியதுண்டு. எங்கள் வீட்டைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. தங்கச்சி ஒரு தடவை சிணுங்கினால் உம்மா ஓர் அதட்டலில் அடக்கிவிடுவார். அவள் இரண்டு நாள் விடாமல் அழுதால் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிடுவார். அழுகை ஒன்றுதான். எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முட்டை வெளிவந்த பிறகு, வெடித்த புடைப்பு மஞ்சட்சடலமாக மாறி ஈஸ்திரஜனோடு புரொஜெஸ்திரோனையும் சுரக்கிறது. இரண்டும் சேர்ந்து கபச்சுரப்பியை மீண்டும் அடக்குகின்றன. கரு தங்காவிட்டால் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மஞ்சட்சடலம் சிதைந்துபோகிறது. ஓமோன்கள் இறங்குகின்றன. கருப்பையின் உட்படை கழன்று இரத்தப்போக்காக வெளியேறுகிறது. அடக்கியவர்கள் இல்லாததால் எப்.எஸ்.எச். மீண்டும் தலைதூக்குகிறது. அடுத்த வட்டம் தொடங்குகிறது.

இப்போது தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். அடுத்த நாள் இடைவேளையில் எங்கள் உயிரியல் டீச்சரிடம் போய்க் கேட்டேன். டீச்சர் சிரித்துவிட்டு என்னை உட்காரச் சொல்லி விளக்கினார். அடக்கும் பின்னூட்டல் சிறுவயதிலேயே வேலை செய்கிறது. தூண்டும் பின்னூட்டலோ பெரிய பிள்ளையான பின்னர்தான் மெல்ல மெல்ல முதிர்கிறது. அதற்குச் சில வருடங்கள் ஆகலாம். ஆகவே ஆரம்ப காலத்தில் ஈஸ்திரஜன் ஏறினாலும் எல்.எச். பொங்காமல் போகலாம். எல்.எச். பொங்காவிட்டால் முட்டை வெளிவராது. மஞ்சட்சடலம் உருவாகாது. புரொஜெஸ்திரோனும் இராது. நாட்குறிப்பைச் சீராக வைத்திருப்பவரே இல்லாத வீடு போல, இரத்தப்போக்கு ஒரு முறை மூன்று வாரத்தில் வரும், மறுமுறை ஆறு வாரம் கழித்து வரும். படத்தில் இருக்கும் 28 நாள் என்பது வளர்ந்த பெண்களின் சராசரி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது சட்டமல்ல.

அன்றிரவு இதையெல்லாம் தங்கச்சியிடம் சொன்னேன். உம்மாவின் அதட்டல் உதாரணத்தைச் சொன்னபோது அவள் தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். ஐம்பத்திரண்டாம் நாள் அவளுக்கு வந்தது. அந்த ஐம்பத்திரண்டு நாளில் அவள் பயந்து கழித்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? பெரிய பிள்ளையான அன்று அவளுக்குக் குளிப்பாட்டி, புதுச்சட்டை போட்டு, முட்டையும் நல்லெண்ணெயும் கொடுத்தோம். சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். "அடுத்தது எப்போது வரும், பிந்தினால் பயப்படாதே" என்ற ஒரு வசனத்தைச் சொல்ல மட்டும் அவ்வளவு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

இத்தோடு கட்டுரையை முடித்திருந்தால் நான் நல்ல ராத்தாவாக இருந்திருப்பேன். ஆனால் இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சில மாதங்களின் பின் எனக்கே நின்றுபோனது. விடுமுறைக் கால வகுப்புகள் நடந்த நேரம். காலையில் சாப்பிடாமல் ஓடுவேன். பகலில் ஒரு பணிஸ். இரவு இரண்டு மணிவரை விழிப்பு. ஒரு மாதம் போனது, இரண்டு மாதம் போனது. "ஒழுங்கில்லாமல் வருவது இயற்கைதானே" என்று தங்கச்சிக்குச் சொன்ன அதே பதிலை எனக்கும் சொல்லிக்கொண்டேன். எனக்குப் பெரிய பிள்ளையாகி நான்கு வருடங்கள் ஆகிவிட்டன, அந்தப் பதில் எனக்குப் பொருந்தாது என்பதை வசதியாக மறந்துவிட்டேன். மூன்று மாதம் தாண்டிய பிறகுதான் உம்மாவிடம் சொன்னேன்.

உம்மாவின் முகம் வெளுத்துப் போனது. வைத்தியரிடம் போவோம் என்றேன். உம்மா தயங்கினார்.

"கல்யாணம் முடிக்காத புள்ளய அந்த டொக்டர்ட கூட்டிட்டுப் போனா, பாக்கிற சனம் என்ன நினைக்கும் மகள்?"

உம்மாவை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பயத்தை அவர் உருவாக்கவில்லை, ஊர் கொடுத்தது. இறுதியில் உம்மும்மாதான் முடிவைச் சொன்னார்: "சனமா புள்ளய வளர்க்கிற? கூட்டிட்டுப் போ."

பெண் வைத்தியர் பொறுமையாகக் கேட்டார். எத்தனை மணிக்குத் தூங்குகிறாய், என்ன சாப்பிடுகிறாய், நிறை குறைந்திருக்கிறதா என்றெல்லாம் விசாரித்தார். இரத்தப் பரிசோதனைகள் செய்தார். தைரொயிட்டும் மற்ற ஓமோன்களும் சரியாகவே இருந்தன. பிறகு ஒரு தாளில் கபச்சுரப்பியை வரைந்தார். நான் முழுப் புள்ளி எடுத்த அதே படம்! இந்த முறை மேலே இருந்து கட்டளை வருவதே குறைந்துவிட்டது என்று காட்டினார். உடம்புக்குப் போதிய உணவில்லை, ஓய்வில்லை என்று மூளை அறிந்தால் பரிவகக்கீழ் ஜி.என்.ஆர்.எச்.ஐக் குறைத்துவிடும். அது குறைந்தால் எப்.எஸ்.எச்.சும் எல்.எச்.சும் குறையும். புடைப்பு வளராது. ஈஸ்திரஜன் சுரக்காது. ஈஸ்திரஜன் நீண்ட காலம் குறைவாக இருந்தால் எலும்புகளும் பலவீனமடையும். அதனால்தான் "வராவிட்டால் நிம்மதிதானே" என்று சும்மா இருந்துவிடக்கூடாது என்றார். ஒழுங்காகச் சாப்பிடவும் தூங்கவும் சொல்லி, திரும்ப வருமாறு திகதி கொடுத்தார். இரண்டு மாதத்துக்குள் எல்லாம் சீராகியது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்த நாளுக்குப் பிறகு நான் தேடி வாசித்தவற்றில் இரண்டு விடயங்கள் என்னை வியக்கவைத்தன. ஒன்று, ஜி.என்.ஆர்.எச். தொடர்ந்து ஒழுகுவதில்லை. வட்டத்தின் முதற் பாதியில் ஏறத்தாழ 60 முதல் 90 நிமிடத்துக்கு ஒரு தடவை துடிப்புத் துடிப்பாகவே வருகிறது. அமெரிக்காவின் பிற்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ஏர்ன்ஸ்ட் நொபில் என்பவரின் குழுவினர் குரங்குகளில் இதைச் சோதித்து 1978இல் வெளியிட்டார்கள். அந்த ஓமோனை இடைவிடாமல் செலுத்தியபோது கபச்சுரப்பி அடங்கிப்போனது. மணிக்கு ஒரு தடவை செலுத்தியபோது மீண்டும் வேலை செய்தது. இடைவெளியும் செய்தியின் ஒரு பகுதிதான்.

மற்றது, ஜி.என்.ஆர்.எச். சுரக்கும் நரம்புக் கலங்களோடு ஈஸ்திரஜன் நேரடியாகப் பேசுவதில்லை. இடையில் கிஸ்பெப்டின் சுரக்கும் கலங்கள் தூது போகின்றன. வாப்பாவிடம் கேட்க முடியாததை உம்மா மூலம் கேட்பது போல! அந்தப் பொருளுக்கான மரபணு 1996இல் அமெரிக்காவின் ஹேர்ஷி நகரில் கண்டுபிடிக்கப்பட்டதால், அவ்வூரின் புகழ்பெற்ற கிஸ்ஸஸ் சொக்லட்டின் பெயரை வைத்தார்கள். பசியும் களைப்பும் பற்றிய செய்திகளும் இந்தத் தூதர் வழியாகவே போகின்றன. நான் விட்ட காலைச் சாப்பாடு என் கபச்சுரப்பிக்கு எட்டியது இப்படித்தான்.

இவ்வளவு அழகான பாடத்தை நாம் எப்படிப் படிக்கிறோம்? ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிக்கும் ஒரு தனியார் வகுப்பில், "இந்தப் பகுதியை வீட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். எதற்காகக் குனிந்தோம் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் சஞ்சிகையில் எழுதலாமா, வெட்கம் ஈமானின் ஒரு பகுதியல்லவா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வெட்கம் நமக்கு அணிகலன்தான். ஆனால் மார்க்கத்தை அறிந்துகொள்ள அன்ஸாரிப் பெண்களை வெட்கம் தடுக்கவில்லை என்று ஆயிஷா நாயகி (ரழி) அவர்கள் புகழ்ந்தது ஹதீஸில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பெண்கள் கேட்டது மாதவிடாயின் பின் எப்படிக் குளிப்பது என்பதைத்தான். நிற்காமல் இரத்தம் போன ஒரு ஸஹாபிப் பெண் நேரே நபி (ஸல்) அவர்களிடமே வந்து விளக்கம் கேட்டார். அவர்களுக்கு இல்லாத தடை நமக்கு எங்கிருந்து வந்தது? தேவையில்லாத இடத்தில் பேசாதிருப்பது வெட்கம். தேவையான இடத்தில் பேசாதிருப்பது அறியாமை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். நாட்களை எண்ணும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. தொழுகையும் நோன்பும் அதில் தங்கியிருப்பதால் நம் உம்மாமார் தலைமுறை தலைமுறையாக எண்ணி வந்திருக்கிறார்கள். நோன்பு எத்தனை விடுபட்டது, எத்தனை கழாச் செய்ய வேண்டும் என்பது நம் வீட்டுப் பெண்களுக்கு விரல் நுனியில் இருக்கும். அதே கணக்கை ஒரு கொப்பியில் எழுதிவைத்தால் அது வைத்தியருக்குப் பெரிய உதவி. ஆனால் இரண்டு கணக்கையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் மாதவிடாயின் உச்ச எல்லை 15 நாட்கள். அது தொழுகைக்கான சட்டம். 7 நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் வைத்தியரைக் காண வேண்டும் என்பது ஆரோக்கியத்துக்கான அறிவுரை. "பதினைந்து நாள் வரைக்கும் பரவாயில்லை" என்று இரத்தம் குறைந்து வெளிறிப்போய் வகுப்பில் மயங்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர் அறிந்திருக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய பிள்ளையாகி முதல் வருடத்தில் ஒழுங்கின்மை சாதாரணம். அதன்பின் 21 முதல் 45 நாளுக்குள் வருவது பொதுவாகச் சரி. மூன்று வருடம் கடந்தால் 21 முதல் 35 நாள். எந்தக் காலத்திலும் 90 நாட்கள் வராமல் இருந்தாலோ, 15 வயதாகியும் பெரிய பிள்ளையாகாவிட்டாலோ, 7 நாட்களுக்கு மேல் போனாலோ, ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு பேட் நனைந்தாலோ, பாடசாலைக்கே போக முடியாத வலி இருந்தாலோ பிள்ளையை வைத்தியரிடம் காட்டுங்கள். நேரே வைத்தியசாலைக்குப் போகத் தயக்கமாக இருந்தால் உங்கள் பகுதி மிட்வைப் மிஸ்ஸிடமாவது கேளுங்கள்.

வாப்பாமாருக்கும் காக்காமாருக்கும் ஒரு வார்த்தை. நோன்பு மாதத்தில் உங்கள் கண்ணில் படாமல் குசினி மூலையில் தண்ணீர் குடிக்கும் பிள்ளை திருடியல்ல. அல்லாஹ் கொடுத்த சலுகையை அவள் ஒளிந்துகொண்டு அனுபவிக்கிறாள். "இன்றைக்கு நோன்பில்லையா?" என்று கேட்காமல் இருப்பதே நீங்கள் செய்யும் பெரிய உதவி. அவள் கோபப்பட்டால் "ஓமோன் வேலை செய்யுது" என்று கேலி செய்வதையும் விட்டுவிடுங்கள். அவளுடைய கோபத்துக்குக் காரணம் நீங்களாகவும் இருக்கலாம்!

தோழிகளே, நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அரைகுறை அறிவு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு நானே சாட்சி. "எல்லாம் இயற்கை" என்று சொல்லி என்னை நானே மூன்று மாதம் ஏமாற்றினேன். எப்போது பொறுத்திருக்கலாம், எப்போது பொறுத்திருக்கக்கூடாது என்று பிரித்தறிவதுதான் உண்மையான அறிவு. அந்தப் பாடத்தை நீங்கள் படித்தால் வீட்டில் இருக்கும் தங்கச்சிக்கும், மச்சிக்கும் சொல்லிக் கொடுங்கள். பரீட்சைத் தாளில் எழுதி மறந்துவிடாதீர்கள்.

எங்கள் அறைக் கதவின் உட்பக்கத்தில் இப்போது ஒரு நாட்காட்டி தொங்குகிறது. அதில் தங்கச்சி பச்சைப் பேனையாலும் நான் நீலப் பேனையாலும் சிறு புள்ளி வைக்கிறோம். சென்ற மாதம் அங்கே ஒரு சிவப்புப் புள்ளியும் இருந்தது. யாருடையது என்று பார்த்தோம்.

"எனக்கும் இந்த வயசுல ஒழுங்கில்லாமத்தான் வருது. நானும் எழுதி வைக்கிறேன்" என்றார் உம்மா.